சிவப்பு லைட்டுக்கு ஒரு பொட்டு

டி.வி. ரிப்பேர் தொழிலில் படம் வராத பெட்டியைச் சரிசெய்வது சுலபம். ஓடாத பெட்டி கரண்ட் தின்கிறதா என்று கேட்பவரிடம் பதில் சொல்லி மீள்வதுதான் பெரும்பாடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரிமோட் வைத்த கலர் டி.வி. வாங்கி, அதன் மூலையில் ஓயாமல் எரியும் சிவப்பு லைட்டைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு என் பாடு புரியும். அனுப்பர்பாளையத்தில் கடை வைத்திருந்த எனக்கு அந்த லைட்டால் வந்த வம்பு கொஞ்சமா நஞ்சமா!

நின்றபடி தின்பது

நெருப்பெரிச்சலில் நாச்சிமுத்து அண்ணன் என்று ஒரு வாடிக்கையாளர். முன்பக்கம் அவருடைய நிட்டிங் மெஷின்கள், நடுவில் வீடு, பின்னால் பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். மெஷினுக்குத் தனி மீட்டர். வீட்டுக்கும் லைனுக்கும் சேர்த்து ஒன்று. பில் வந்தால் எல்லோருக்கும் பங்கு பிரித்துவிடுவார்.

ஒருமுறை அவர் வீட்டு டி.வி.யை ரிப்பேர் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரிமோட்டுல நிறுத்துனாலும் அந்தச் சிவப்பு லைட் எரியற வரைக்கும் பெட்டி கொஞ்சம் கரண்ட் எடுத்துட்டுத்தானுங்ணா இருக்கும்" என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். அடுத்த வாரம் கடைக்கே வந்து, இப்போதெல்லாம் பார்த்து முடித்ததும் டி.வி. பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னார். அத்தனை மெஷின் ஓட்டுகிறவருக்கு இது ஒரு கவலையா என்று கேட்டேன்.

"மெஷின் தின்னா துணி வருதுங்க தம்பி. இது சும்மா நின்னுட்டே திங்குதே, எனக்கு என்னத்தைத் தருது?"

கருப்புப் பொட்டு

அந்த லைனில் குடியிருந்த சரோஜா ஒருநாள் மத்தியானம் டிபன் கூடையோடு கடைக்கு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தீபாவளி போனஸில் கலர் டி.வி. வாங்கியிருந்தார். லைனிலேயே ரிமோட் வைத்த பெட்டி அவருடையது மட்டும்தான். வினை அங்கேதான் பிடித்தது. நாச்சிமுத்து அண்ணன் ஜன்னல் வழியாகச் சிவப்பு லைட்டைப் பார்த்துவிட்டார். பில் ஏறுவதற்கு இந்தப் பெட்டிதான் காரணம், இதை விற்கணும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணணும் என்று சொல்லிவிட்டாராம். சரோஜாவின் மகளுக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அந்த நேரத்தில் வீடு தேடிச் சட்டி பானை தூக்க முடியுமா?

பெட்டியில் இருக்கும் சுவிட்ச் கெட்டுக் கிடந்தது. சுவரில் இருக்கும் சுவிட்சோ பீரோவுக்குப் பின்னால். லைட்டின் மேல் கருப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதாம். லைட்டையே பிடுங்கித் தர முடியுமா என்று கேட்டார். "தின்னறது லைட் இல்லீங்க, உள்ளே இருக்கற சாமானுங்க. சுவிட்சை மாத்தித் தர்றேன்" என்றேன்.

"உள்ளே என்னமோ தின்னுட்டுப் போகட்டுமுங்ணா. அவரு கண்ணுக்கு லைட்டு தெரியலீன்னாத்தான் எங்க ஊடு நெலைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லி வைத்த பேச்சுதானே இப்படிச் சுற்றி வந்து இவர் தலையில் விழுந்திருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மீட்டரையே கேட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

மீட்டரின் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை லைன் முழுவதும் மீட்டர் முன்னால் கூடிவிட்டது. எல்லா வீட்டிலும் லைட், ஃபேன் நிறுத்தச் சொன்னேன். நாச்சிமுத்து அண்ணன் தன் வீட்டு ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு வந்தார். நாலு பேர் சேர்ந்து சரோஜா வீட்டுப் பீரோவை நகர்த்தி, டி.வி. பிளக்கைக் கழற்றினோம்.

மீட்டர் சக்கரம் மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருந்தது. அண்ணன் சரோஜாவை ஒரு பார்வை பார்த்தார். சரோஜா, கழற்றிய பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் நின்ற மகளைக் காட்டினார். கூட்டம் மெதுவாக அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது. "நாந்தான் தெனமும் பிடுங்கிப் போடறனுங்களே!" என்று என்னை உள்ளே இழுத்துப் போனார்.

அவர் சொன்னது பொய்யில்லை. டி.வி. பிளக் கழன்றுதான் தொங்கியது. ஆனால் அதை அவர் பிடுங்கியது, டி.வி.க்குக் கரண்டைச் சீராக்கித் தரும் ஸ்டெபிலைசரிலிருந்து. ஸ்டெபிலைசரின் ஒயர் சுவரில் அப்படியே இருந்தது, சுவிட்சும் போட்டபடி இருந்தது. அதற்குப் பனியன் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையின் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பூனையை நகர்த்திக் கை வைத்தேன், கதகதவென்று சூடு. இதை நிறுத்துவதே இல்லையா என்று அண்ணன் மனைவியைக் கேட்டேன்.

"அதை நிறுத்தீட்டா இந்தக் குளுருக்குப் பூனை எங்கீங்க போயிப் படுக்கும்?"

சுவிட்சை அணைத்தேன். "நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று மீட்டர் பக்கமிருந்து சத்தம் வந்தது.

நாச்சிமுத்து அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் நேராகச் சரோஜா வீட்டுக்குள் போய், டி.வி.யில் ஒட்டியிருந்த பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"இதுக்கெல்லாம் பொட்டு எதுக்கு அம்மிணி? பொட்டி இருக்கட்டும். புள்ளை இங்கிருந்தே பரீட்சை எழுதட்டும்."

சும்மா நின்று கரண்ட் தின்னும் சாமான் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, நம் கண்ணில் முதலில் படுவது என்னவோ அடுத்த வீட்டுச் சிவப்பு லைட்தான்.