ரோடா கிம்மெலின் மூன்று பாட்டுகள்

"நீதான் நானா?"

ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும் நடிகை ரோடா கிம்மெல் கேட்டது இதுதான். பாட வந்திருந்த தெல்மா ப்ராய்ல்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"ஆமா மேடம். உங்க மூணு பாட்டையும் நான்தான் பாடறேன்."

"சாப்பிட்டியா?"

"ஒரு சாண்ட்விச்."

"வெங்காயம் வச்சதா? எனக்கு வெங்காயம் ஆகாது. என் வாய், பாத்து நடந்துக்கோ."

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோடா சிரிக்கவில்லை.

"என் குரல்ல என்ன குறையாம்? சொன்னாங்களா உங்கிட்ட?"

"கடைசி வரிசை வரைக்கும் கேக்கற குரலாம். மைக்குக்கு முரடா இருக்காம்."

"கடைசி வரிசைக்காரனும் டிக்கெட் வாங்கித்தானே வரான்?" என்று சொல்லிவிட்டு, தெல்மா விட்ட நாற்காலியில் ரோடா உட்கார்ந்துகொண்டாள்.

அது 1951. ரோடாவையே பாட வைத்து, அதற்கே வாயசைக்கச் சொல்லிப் படமும் எடுத்து முடித்திருந்தார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்த பிறகுதான் குரலை மாற்ற முடிவாயிற்று. திரையில் ரோடாவின் வாய் திறக்கும்போது தெல்மா பாட வேண்டும், மூடும்போது நிறுத்த வேண்டும். நாடக மேடையில் பழகியவள் ரோடா. வரியின் நடுவே தோளை உயர்த்தி மூச்சிழுப்பாள். தெல்மாவும் அங்கேயே இழுத்தாள். தன் பெயர் எங்கும் வராது, தானும் வெளியே சொல்லக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ரோடா ஸ்க்ரான்டன் என்ற ஊரில் ஒரு முடிதிருத்துபவரின் மகள். பத்தொன்பது வயதில் நியூயார்க் நாடகங்களில் கூட்டத்தோடு ஆடிப் பாடும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்தாள். இரண்டாம் கதாநாயகியாக ஒரே நாடகத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு முறை மேடையேறினாள். காய்ச்சலிலும் ஒரு நாள் தவறவில்லை. அதைப் பார்த்துத்தான் சினிமாவுக்கு அழைத்தார்கள்.

படம் ஓடியது. பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன, உறையில் ரோடாவின் படத்தோடு. இன்னும் இரண்டு படங்களில் ரோடாவுக்குத் தெல்மாவே பாடினாள். அதன்பின் ஸ்டூடியோ ரோடாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

1957 கோடையில் ஒஹாயோவில் கூடாரம் போட்டு நடத்தும் நாடகக் குழு ஒன்று ரோடாவை அழைத்தது. சினிமாவில் வந்த அதே மூன்று பாட்டுகள். அவள் தன் குரலில் பாடினாள். இடைவேளையில் நான்கைந்து பெண்கள் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார்கள்.

"ரோடா கிம்மெல்னு போஸ்டர் ஒட்டிட்டு வேற யாரையோ ஏத்தியிருக்கீங்களே! ஆள் மாறினா நிகழ்ச்சித்தாள்ல துண்டுச் சீட்டு வைக்கணுமா இல்லையா?"

"அது அவங்கதான்மா."

"மூஞ்சி அவங்க மாதிரிதான் இருக்கு. பாட்டு வேற யாரோ. வீட்ல பாட்டுத் தட்டு இருக்கு, தினம் கேக்கறோம். எங்களுக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் பாதிப் பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமையும் இப்படியே நடந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குழுவின் மேலாளர் ரோடாவிடம் சொன்னார், மரியாதையாகத்தான்.

மறுநாள் காலை ரோடா கலிஃபோர்னியாவுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். நடந்ததை யாருக்கோ நடந்ததுபோலத் தெல்மாவிடம் சொல்லி முடித்தாள்.

"உண்மையை நான் சொல்லிடட்டுமா மேடம்? கையெழுத்து கெடக்கட்டும்" என்றாள் தெல்மா.

"வேணாம். யாரும் நம்ப மாட்டாங்க." ரோடா ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள். "சனிக்கிழமைக்கு மூணு நாள் இருக்கு. நீ அதை எப்படிப் பாடினேன்னு எனக்குச் சொல்லிக் குடு. முதல் பாட்டுலேர்ந்து, மெதுவா."