சிங்கம் ஏறிய எடை மெஷின்

1. ஜன்னல் கம்பி

எடை மெஷினை மூலையிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் வைத்ததும் கவின் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூன்றரை வயதுப் பிள்ளை. ஓடினாலே மூச்சு வாங்கும். அன்றைக்கு மட்டும் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ, நானும் மேரியக்காவும் சேர்ந்து இழுத்தும் விரல் பிரியவில்லை. அவன் அலறலைக் கேட்டு மற்ற பிள்ளைகளும் அழ ஆரம்பித்தார்கள். ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வுடுங்க டீச்சர், கம்பி பேந்துக்கினு வந்துடப் போவுது" என்றார் மேரியக்கா. எங்கள் மையத்தின் உதவியாளர். சமையல் அவர் பொறுப்பு. அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தேன். இப்போதுதான் ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் போன் போட்டு, "அக்கா, பிள்ளைங்க மெஷின் மேல ஏறவே மாட்டேங்குதுங்க" என்று புலம்புகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. தடுப்பூசி போட நர்சம்மா வருகிற நாளில்தான் நாங்களும் எடை போடுவோம். மெஷின் வெளியே வந்தால் பின்னாலேயே ஊசியும் வரும் என்று பிள்ளைகள் தெரிந்து வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளை எப்படியோ தாஜா பண்ணி ஏற்றிவிடுவேன். கவின் மட்டும் மாதக்கணக்கில் ஏறவில்லை.

அவன் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காது, அரைஞாண் கயிற்றில் செருகி விடுவோம். முட்டையைக் கொடுத்தால் வெள்ளையை மட்டும் கடித்துவிட்டு வைத்துவிடுவான். எடை தெரிந்தால்தான் வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இருக்கிறதா என்று சொல்ல முடியும், டாக்டரிடம் அனுப்ப முடியும். தெரியாவிட்டால் "ஒல்லியா இருக்கான்" என்று நானும், "அவங்கப்பா வாகு" என்று அவன் அம்மாவும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2. சத்தமாகச் சொன்னதால்

கவினின் அம்மா செல்வி ஷூ கம்பெனிக்குப் போகிறவள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் வேன் நிற்கும் இடத்திலேயே அவளைப் பிடித்தேன்.

"செல்வி, ஒரு நாள் நீயே கூட வந்து நில்லும்மா. உன்னப் பாத்தா ஏறிடுவான்."

"வாணாம் டீச்சர். எம்புள்ளைக்கு எடையே போடாதீங்க."

"ஏன்டி?"

"போன வருசம் போட்டீங்க. மறுவாரமே காய்ச்சல். அதுக்கப்புறம் ஒருவாட்டி போட்டீங்க, சோறே எறங்கல. எல்லாரும் நின்னுக்கினு இருக்கச் சொல்லோ, எத்தினி கிலோன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துறீங்க. கண்ணு படாம இன்னா பண்ணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கண்ணுமில்ல, மண்ணுமில்ல. சோறு எறங்கலன்னா டாக்டராண்ட கூட்டிக்கினு போணும்" என்று நானும் கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வேனில் இருந்த பெண்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது யோசித்தேன். கண் படுகிறதோ இல்லையோ, நான் கத்தினேன் என்பது உண்மை. நான் மெஷின் பக்கத்தில் நின்று எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், மேரியக்கா தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். எல்லா மையத்திலும் அதுதான் வழக்கம். தன் பிள்ளையின் எண்ணையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணையும் சேர்த்துக் கேட்கிற அம்மாக்களுக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

3. ஸ்டூல் இல்லாத சர்க்கஸ்

அந்த மாதம் பிளாக் ஆபீஸில் நடந்த கூட்டத்தில் சூப்பர்வைசர் மேடம், "விளையாட்டுக்கு ஒரு தீம் எடுத்துக்குங்க. மார்க்கெட், ரயில், சர்க்கஸ், எது வேணா பண்ணுங்க" என்றார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் மார்க்கெட்டையும் ரயிலையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் தலையில் சர்க்கஸ் விழுந்தது.

எனக்கே சர்க்கஸ் என்றால் சின்ன வயதில் விழுப்புரத்தில் ஒருமுறை பார்த்ததுதான். அந்தப் புலி கடைசி வரை தூங்கிக்கொண்டே இருந்தது. காசு தண்டம் என்று அப்பா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளிடம், "சர்க்கஸ்னா என்ன தெரியுமா?" என்று கேட்டேன். தர்ஷினி என்கிற வாயாடி, "தெரியும் டீச்சர். திருவக்கரை கோயிலாண்ட கொரங்கு எங்கம்மா கையில இருந்த வாழப்பழத்தப் புடுங்கிக்கினு ஓடிச்சு" என்றாள். சரி, இதிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

மேரியக்காவின் பழைய புடவைகளை ஃபேன் கொக்கியில் கட்டி நாலு பக்கமும் இழுத்துவிட்டோம். கூடாரம் ரெடி. தரையில் கோலமாவால் நீளமாக ஒரு கோடு போட்டோம். அதுதான் கயிறு. எங்கள் பாஷையில் இதற்குப் பெருந்தசை வளர்ச்சி என்று பெயர். பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? கோட்டுக்குக் கீழே முதலை இருக்கிறது என்று தர்ஷினி சொன்னாள். அவ்வளவுதான், ஒரு கால் வெளியே போகாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்கூட முதலை போகவில்லை. மேரியக்கா சாதக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்ட, எல்லாரும் "ஐயோ, கால்! கால்!" என்று கத்தினார்கள்.

பேஜார் சிங்கத்தில்தான் வந்தது. எல்லாருக்கும் சிங்கம் வேஷம்தான் வேண்டும். தேங்காய் நாரை அட்டையில் ஒட்டிப் பிடரி செய்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மையம் முழுக்கச் சிங்கம், பார்க்க ஒரு ஆள் இல்லை. ஒரு சிங்கம் என் கையைக் கடித்தே விட்டது. வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

"டீச்சர், சர்க்கஸ் சிங்கம் ஸ்டூல் மேல ஏறி கம்முனு ஒக்காரும். அப்பிடிச் சொல்லிப் பாருங்க" என்று சமையல் கட்டிலிருந்து மேரியக்கா குரல் கொடுத்தார்.

மையத்தில் இருந்த ஒரே ஸ்டூலின் மேல் குடிதண்ணீர் டிரம் இருந்தது. வேறு என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது எடை மெஷின்.

சொல்கிறேன், கேளுங்கள். அதை உடனே ஆன் பண்ணிவிடவில்லை. அதன் ஓரத்தில் சிவப்பு சார்ட் பேப்பரும் ஜிகினா நட்சத்திரமும் ஒட்டினேன். பல நாள் அது வெறும் முக்காலிதான். சிங்கம் ஏறும், கர்ஜிக்கும், இறங்கும். ஊசி வரவில்லை, நர்சம்மாவும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் சுவிட்சைப் போட்டேன். எண்கள் ஓடின.

"டீச்சர், லைட்டு ஓடுது!"

"ஆமா. லைட்டு நிக்கிற வரைக்கும் சிங்கம் ஆடக்கூடாது. ஆடினா டிக்கெட் காசு வாபஸ்."

எல்லாச் சிங்கமும் சிலையாக நின்றது. ஒவ்வொரு எண்ணையும் வாயைத் திறக்காமல் நானே எழுதிக்கொண்டேன். எடை போட்டது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு நிம்மதியான எடை நாளை என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

4. ஜோக்கர்

கவின் மட்டும் சேரவில்லை. ஜன்னல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் குண்டுச் சிங்கம் ஒன்று முக்காலியிலிருந்து இறங்கும்போது தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. கவின் கையைத் தட்டிச் சிரித்தான். சிரித்ததோடு இல்லாமல், ஜன்னல் ஓரத்தில் தானும் அதே மாதிரி தொப்பென்று விழுந்து காட்டினான். கூடாரமே சிரித்தது. மறுபடி விழுந்தான். மறுபடி சிரிப்பு.

"ஆங்! இவந்தான்டா ஜோக்கரு!" என்று மேரியக்கா கரண்டியால் தட்டைத் தட்டினார்.

மறுநாள் காலையில் வேனைக்கூட விட்டுவிட்டு செல்வி வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா டீச்சர், எம்புள்ளய கோமாளி ஆக்கிட்டீங்களாம்? மத்தப் பசங்கல்லாம் சிங்கமாம். இவன் ஒல்லின்னுதானே ஜோக்கரு?"

அவளுக்கு வலித்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளும் அவன் உடம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வெளியே சொல்லவில்லை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

"நான் ஆக்கல செல்வி, அவனே ஆயிட்டான். உனக்கு லீவு நாள் பாத்து ஷோ வைக்கிறேன், வந்து பாரு. இன்னொண்ணும் சொல்லிடுறேன். சிங்கம் ஏறுற முக்காலி எடை மெஷின்தான். அவன் இன்னும் ஏறல. ஏறினாலும் உன்னக் கேக்காம நான் பாக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். ஆனால் ஷோ அன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

கவினுக்கு முகம் எழுதும் வேலையை அவளிடமே கொடுத்தேன். கண்மை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"ஜோக்கருக்கு எப்பிடி வரையறது?"

"மூஞ்சி பூரா பெரிய பெரிய பொட்டா வையி."

கன்னத்தில் ஒன்று வைத்தாள், நெற்றியில் ஒன்று, தாடையில் ஒன்று. வைக்க வைக்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு பொட்டு வச்சாவே கண்ணு படாது. இவ்ளோ வச்சா எந்தக் கண்ணு டீச்சர் படும்?"

"அதான் நானும் கேக்கறேன். இன்னைக்குப் பாத்துடலாமா?"

அவள் பிள்ளையின் மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம், "கத்தாதீங்க" என்றாள்.

5. லைட் நின்றது

மேரியக்கா தட்டைத் தட்ட, சிங்கங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. பின்னாலேயே ஜோக்கர் வந்தான். ஏறப் போய் வழுக்கினான், சுற்றி வந்து கும்பிட்டான், அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். ஏறிவிட்டான். கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றான். எண்கள் ஓடி நின்றன.

பதினோரு கிலோகூட வரவில்லை.

அந்த வயதுக்குக் குறைந்தது பன்னிரண்டாவது இருக்க வேண்டும். நான்தான் ரிங் மாஸ்டர். சத்துமாவு அட்டைப் பெட்டியில் செய்த தொப்பி தலையில் இருக்கிறது. எதிரே பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள், செல்வி என் முகத்தையே பார்க்கிறாள். "ஜோக்கருக்கு ஜே!" என்று கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். கவின் குதித்து இறங்கி, தொப்பென்று விழுந்து, கைதட்டலை வாங்கிக்கொண்டான். அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஷோ முடிந்ததும் செல்வி என் பக்கத்தில் வந்து, "காதுல சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் சண்டை போடவில்லை, அவங்கப்பா வாகு என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு லீவு போடறேன். நீங்க கூட வர்றீங்களா?" என்றாள்.

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். கவின் கண்மைப் பொட்டைக் கழுவ விடவில்லை, அப்படியே வந்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரத்தம், மலம் இரண்டுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வயிற்றில் பூச்சி, உடம்பில் ரத்தம் குறைவு. "நல்ல வேளை, இப்பவாவது கூட்டிக்கிட்டு வந்தீங்க. சரி பண்ணிடலாம்" என்றார். மாத்திரை, டானிக், என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று எல்லாம் விளக்கமாகச் சொன்னார்.

பூச்சி மாத்திரை வேலை செய்ததும் பையனுக்குப் பசி வந்தது. கேப்பைக் களி, மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, சத்துமாவு எதையும் விடவில்லை. முட்டையின் மஞ்சளையும் சாப்பிட்டான். பக்கத்துத் தட்டுக்குக் கை நீட்டியபோது மேரியக்கா, "டேய் ஜோக்கரு, அது சிங்கத்தோடதுடா!" என்று விரட்டினார். விரட்டிவிட்டு இன்னொரு கரண்டி சாதம் போட்டார்.

6. சுத்தம் செய்யாத இடம்

இளைய பணியாளர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மெஷினை ஊசி நாளில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள், தினமும் விளையாட விடுங்கள். சிங்கங்களுக்கு நான் செய்த மாதிரி, அம்மாவைக் கேட்காமல் எண்ணைப் பார்க்காதீர்கள். பார்த்தால் சத்தமாகச் சொல்லாதீர்கள், காதில் சொல்லுங்கள். சர்க்கஸே நடத்த வேண்டும் என்றில்லை. மார்க்கெட் தீம் என்றால் மெஷினே தராசு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சூப்பர்வைசர் மேடம் ஆய்வுக்கு வந்தார். மெஷினைக் குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, ஓரத்துல கருப்பா ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு? துடைக்கறதில்லையா?"

முந்தின நாள்தான் கவினுக்கு எடை பார்த்திருந்தோம். அரைஞாண் கயிற்றில் செருகாமல் கால்சட்டை இடுப்பில் நின்றது. எண்ணைக் காதில் சொன்னதும் செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் பிள்ளையின் கன்னத்துப் பொட்டில் விரலைத் தேய்த்து, மெஷின் ஓரத்தில் அழுத்தி வைத்தாள். "நல்லது சொல்லிச்சே டீச்சர், இந்த மெஷினு மேல கண்ணு பட்டுடக் கூடாது" என்றாள்.

மேடம் துணியை எடுக்கக் கை நீட்டினார். நான் மெஷினை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "அது திருஷ்டிப் பொட்டு."