போட்டோ கொப்பி மெசினுக்கு நான் வைத்த பொட்டு

கண்டியில் டைப்ரைட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் என்று எண்ணினால் மூன்று பேர் தேறுவார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் தொழில் படித்தவர்கள். மற்றவன் நான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று டவுனுக்கு வந்து, பழுது பார்க்கும் கடையொன்றில் தரை கூட்டினேன். முப்பது வயதில் சொந்தக் கடை போட்டேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கெலிஓயாவிலிருந்து பல்லேகல வரைக்கும் எந்தக் கந்தோரில் டைப்ரைட்டர் இறுகிப் போனாலும் எனக்குத்தான் ஆள் வரும். இங்கிலீசில் ஒரு கடிதம் எழுது என்றால் எனக்கு வராது. இங்கிலீசு எழுத்தைப் பார்த்து அப்படியே அடி என்றால், படித்த கிளாக்கர்மாரை விட வேகமாக அடிப்பேன்.

அந்த வேகம்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரித்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட தோட்டத்துச் சனங்கள் பழைய பத்திரங்களை மடித்துக் கொண்டுவருவார்கள். நான் பார்த்து அடித்து, கீழே 'உண்மைப் பிரதி' என்று போட்டுக் கொடுப்பேன். கை ஒப்பம் இருந்த இடத்தில் 'ஒப்பம்' என்றும், முத்திரை இருந்த இடத்தில் 'முத்திரை' என்றும் அடைப்புக்குள் அடித்துவிடுவேன். பல வருசம் அதுவே செல்லுபடியானது.

எண்பதுகளில் எதிர்க்கடைக்காரர் போட்டோ கொப்பி மெசின் ஒன்றை இறக்கினார். என்னை விடப் பத்து வயது இளையவர், அப்பா விட்டுப்போன புத்தகக் கடையில் வந்து உட்கார்ந்தவர். அவர் கையில் ஒரு கீறல் கூடக் கிடையாது. லொறியிலிருந்து நாலு பேர் அதை இறக்குவதை என் கடைக்குள் நின்று பார்த்தேன். முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாள் பேனை வாங்கும் சாக்கில் போனேன். மூடிக்குக் கீழே ஒரு பச்சை வெளிச்சம் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடியது. நான் தாளுக்குள் காபன் வைத்து உருளையில் ஏற்றுகிற நேரத்துக்குள் அது மூன்று பிரதி தள்ளிவிட்டது. என் ஆட்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். அது சுட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடச் சுட்டது வேறு. எந்த மெசினையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இது உள்ளே என்ன செய்கிறது என்று எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எனக்கு விளங்காத ஒன்று, ஒரு ஸ்பேனரைக் கூடப் பிடித்தறியாத மனிதரிடம் இருந்தது.

அந்த வருசம் ஆயுத பூசை வந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தராசோ தையல் மெசினோ, எல்லாக் கடையிலும் முதல் பொட்டு நான்தான் வைப்பேன். மெசின்காரன் கை என்று ஒரு நம்பிக்கை. அவரும் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க கை வச்சாத்தான் இது நல்லா ஓடும்."

மூடியைத் திறந்தேன். கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். மெசினுக்கு நெற்றி அதுதான் என்று நினைத்தேன். அதுவரைக்கும் என் மனசில் கள்ளமில்லை.

மறுநாள் பூசை முடிந்து கடை திறந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, எல்லாக் கொப்பியிலயும் நடுவுல கறுப்பா வட்டம் விழுது. பொட்டத் தொடச்சிரட்டுமா?"

நான் டைப்ரைட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "வச்ச பொட்ட மூணு நாளைக்குத் தொடக் கூடாது தம்பி. மெசினுக்கு ஆகாது."

அப்படி ஒரு சாத்திரம் எங்கேயும் கிடையாது. அந்த நிமிசம் என் வாயில் பிறந்தது. புது மெசின்காரருக்குப் பயம் இருக்கும்தானே, நம்பிப் போனார். மத்தியானத்துக்குள் வரிசை என் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கோ ஒரே குசி. கடை வாசலில் நின்று கேட்டேன்.

"என்ன தம்பி, மெசின் லீவா?"

"விரதம்ணே," என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் என் பழைய தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இறந்துபோன அப்பாவின் பத்திரம் கையில் இருந்தது. நான் மளமளவென்று அடித்து நீட்டினேன். வாசிக்கத் தெரியாதவள், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, எங்கப்பா கைநாட்டு எங்கங்க?"

"இந்தா, 'இடது பெருவிரல் அடையாளம்'னு அடிச்சிருக்கேன்ல."

"அது எழுத்துங்களே. கைநாட்டுத் தெரியணும்னுதான் போன தடவ கந்தோர்ல திருப்பி அனுப்புனாங்க. இன்னிக்கி ரெண்டு மணிக்குக் கடைசியா கூப்பிட்டிருக்காங்க. இதயும் விட்டா பிரஜாவுரிமை லிஸ்டுல எம்பேரு வராமப் போயிரும்."

"எதிர்க்கடையில கேட்டியா?"

"கேட்டேங்க. கறுப்பு சரியா அப்பா வெரலு மேலதான் விழுது. நகத்தி வச்சா பாதிப் பத்திரம் வெட்டுப்படுது."

மணி ஒன்று தாண்டிவிட்டது. என் அப்பாவும் கைநாட்டுத்தான். அவருடைய பத்திரத்தையும் நான்தான் அடித்தேன், அதே அடைப்புக்குறி போட்டு.

தோளில் கிடந்த துண்டை நனைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். மூடியைத் தூக்கிப் பொட்டைத் துடைத்தேன். எதிர்க்கடைக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மூணு நாள் ஆகலயே."

"வச்ச கை தொடைக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். "இந்தச் சட்டம் நேத்து இல்லயாண்ணே?"

பின்னாலேயே வந்த பெண்ணின் கையிலிருந்ததை வாங்கி அவரிடம் நீட்டினேன். பத்திரத்தை வைத்து மூடினார். வெளிச்சம் ஓடியது. வெளியே வந்த தாள் இளஞ்சூடாக இருந்தது. முத்திரை, மடிப்பு, கறை எல்லாம் அப்படியே. விரலின் ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு.

"தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு," என்றாள் அந்தப் பெண். தாளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

பின்னேரம், பஸ்ஸுக்குப் போகும் வழியில் என் கடை வாசலில் நின்று, "கந்தோர்ல எடுத்துக்கிட்டாங்க ஐயா," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிர்க்கடையைப் பார்த்துத்தான் கும்பிட்டாள்.

இன்றைக்குக் கைபோனிலேயே பத்திரத்தைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. யாரோ ஒருத்தன் இதை முதலில் யோசித்தானே, அவனுக்கு எப்படி வந்தது இந்தப் புத்தி என்று. கடைக்காரர் மேல் எனக்கிருந்த பொறாமையும் அன்று பின்னேரம், கொப்பி மெசினை முதலில் யோசித்த முகம் தெரியாதவன் மேல் திரும்பிவிட்டது. ஆனால் குறையவில்லை.

அன்று கடை சாத்துமுன் மறுபடியும் எதிர்க்கடைக்குப் போனேன்.

"தம்பி, அந்தப் பக்கத்து மூடியக் கொஞ்சம் கழட்டு. உள்ள பாக்கணும்."

"பாக்கலாம். கை வைக்கக் கூடாது."

"சரி."

"சந்தனமும் வேணாம்."

கழற்றினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன்.