மேலு யாருடையது

சித்தூர் கோர்ட்டில் எத்தனையோ பேருக்காக வாதாடியிருக்கிறேன். என் கட்சிக்காரர் பதிமூன்று வயதுப் பெண்பிள்ளையாக இருந்தது ஒரே ஒரு வழக்கில்தான். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் புற்றுநோய். காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று திருப்பதி டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். கால் இல்லாத பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. ஆஸ்பத்திரி குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்தது. பிள்ளையின் தரப்பைப் பேசக் குழு என்னை நியமித்தது.

விசாரணையில் டாக்டர் பேசினார், அப்பா பேசினார், நானும் சட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசினேன். எல்லாம் தெலுங்கில். பிள்ளை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குழுவின் தலைவி, கோதாவரிப் பக்கத்து அம்மாள், கனிவாகத்தான் சொன்னார்:

"அந்தா நீ மேலு கோசமேம்மா."

எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று அர்த்தம். தெலுங்கில் மேலு என்றால் நன்மை. நகரித் தமிழில் மேலு என்றால் உடம்பு. காய்ச்சல் வந்தால் மேலுக்கு முடியவில்லை என்று லீவு போடுகிற ஊர் அது. தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது.

"மேலு என்னுதுதான? அப்ப என்னாண்ட ஏன் யாருமே கேக்கல?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அது சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். தலைவி சிரித்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளையிடமே கேளுங்கள் என்றார். கேட்டேன். எடுத்தால் பிழைப்பேனா என்று அது திருப்பிக் கேட்டது. வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப எடுங்க. நைனாவ யாரும் திட்டாதீங்க."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஆபரேஷனுக்கு உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டாய் என்று கூட இருந்த வக்கீல்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். ஜெயித்த மாதிரி இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குப் போனபோது அப்பா இட்லியைப் பிட்டு மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டது.

"கால எங்க வெச்சிக்கிறாங்க?"

சட்டப்படி அது மருத்துவக் கழிவு. மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கேட்டது என் கட்சிக்காரர். எரித்திருப்பார்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

பிள்ளை அழவில்லை. அப்பாவின் கை இட்லியோடு அப்படியே நின்றுவிட்டது.

"என்னாண்ட கேட்டிருந்தா, ஒரு தபா பாத்துட்டுக் குடுத்திருப்பேன்" என்றது.