மனிசி படித்த நாலு வருசம்

படிக்கிற மனிசிக்குப் புருசனாய் இருப்பதும் ஒரு முழுநேர வேலைதான். ஆனால் அதற்கு லீவு இல்லை, யூனியன் இல்லை, முறையிடுவதற்கு ஒரு மேலாளரும் இல்லை. மொன்றியலில் என்னைப் போல அகப்பட்ட அண்ணைமார், தம்பிமார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்ததும் கோப்பிக் கோப்பையோடு நின்று, "மனிசி படிக்கிறா, சந்தோசம்" என்று சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன். இங்கே உண்மையைச் சொல்கிறேன்.

என் பெயர் சவிரிமுத்து. ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் இருபத்தெட்டு வருசமாய் வேலை. மனிசி மெற்றில்டா என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவ. மன்னாரில் ஏ.எல். பாஸ் பண்ணியவ. இங்கே ஒரு கார்டறியில் பதினொரு வருசம் சின்னப் பிள்ளைகளைப் பராமரித்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஆரம்பப் பள்ளி ரீச்சராக வரப் பல்கலைக்கழகம் போனா. நாலு வருசப் படிப்பு. ஒவ்வொரு வருசமும் ஒரு ஸ்தாஜ், அதாவது பள்ளிக்கூடத்தில் நின்று பழகுகிற பயிற்சி. கடைசி ஸ்தாஜில் நல்ல அறிக்கை வராவிட்டால் பட்டம் இல்லை. அவவுக்கு அந்தப் பயம். எனக்கு வேறு பயம்: பட்டம் வந்துவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்?

கடிதம் வந்த அன்று

அவ பின்னேரங்களில் எங்கோ போய் வருவதை ஒரு வருசமாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தையல் வகுப்பு என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் பிழை என்று மகள் சாறா சொல்லுகிறாள். சொல்லாமல் விட்டது அவவின் பிழை என்று நான் சொல்லுகிறேன். பிறகுதான் தெரிந்தது, அது பல்கலைக்கழகத்துக்குப் போக முதல் முடிக்க வேண்டிய பிரெஞ்சு வகுப்பாம்.

சேர்த்துக்கொண்டோம் என்ற கடிதத்தை அவ சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தா. எனக்கு அதில் அவவின் பெயர் மட்டும்தான் விளங்கியது. "இந்த வயசில எதுக்கு? ஆரைக் கேட்டு எழுதிப் போட்டனீர்?" என்றேன். அவ கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"நான் கேக்கேல்லை. சொல்லுறன்."

மத்தில்ட்

முதல் வருசமே கூட்டாகச் செய்கிற வேலை என்று நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் சாறாவின் வயது. அதில் ஒருவன் மத்தியூ. காதில் வளையம். நான் பொரித்த ரோல்ஸ் ஆறு சாப்பிட்டான். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. என் மனிசியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் வாயில் மெற்றில்டா இல்லை, மத்தில்ட். "மத்தில்ட், நீ என்ன நினைக்கிறாய்?" "மத்தில்ட், அது அருமையான யோசனை!" இரண்டு மணித்தியாலத்தில் முப்பத்தொரு தடவை. அடுப்படியில் நின்று எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அவவின் முகம் கொஞ்சம் வெளித்தது. கலியாணம் முடித்து இருபத்திநாலு வருசம், அந்த முகத்தை நான் கண்டதில்லை.

அவர்கள் போனபிறகு சாறாவிடம் சொன்னேன், பெரியவர்களுக்கு மரியாதை தெரியாத பிள்ளைகள் என்று. நான் அவவை என்றைக்கும் "இஞ்சேரும்" என்றுதான் கூப்பிடுவேன், அதுதான் மரியாதை. சாறா போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அப்பா, அம்மாவின்ர பேரை நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

வகுப்பில் ஒரே மாணவன்

பள்ளியில் படிப்பிக்க முதல் அவ என்னை வைத்துப் பழகுவா. என்னை மேசையில் இருத்தி, எதிரே ஒரு வெள்ளைப் பலகையைச் சாத்தி, ஐம்பத்திரண்டில் இருந்து பதினேழைக் கழிக்கச் சொல்லுவா. "அவசரமில்லை. எப்பிடி யோசிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ. விடை பிழைச்சாலும் பரவாயில்லை." அந்தக் குரலைக் கேட்க வேண்டுமே! பஞ்சில் வைத்த மாதிரி. நான் படித்த காலத்தில் விடை பிழைத்தால் முதலில் பிரம்பு, பிறகுதான் காரணம். இப்படி ஒருவர் என்னை யோசிக்க விட்டதே இல்லை.

உண்மையைச் சொன்னால் அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். வேண்டுமென்றே இரண்டு கணக்குப் பிழை விட்டேன், குரல் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று. ஆனால் பலகையைச் சுவரில் சாத்தினவுடன் அந்தக் குரலும் பலகையோடு போய்விடும். மற்ற நேரத்தில் எனக்குக் கிடைப்பது பழைய குரல். ஒருநாள் பாடத்தின் நடுவிலேயே புகுந்து, அந்த நல்ல குரல் இருக்கும்போதே கேட்டுவிடுவோம் என்று, "இண்டைக்குக் குழம்புக்கு ஏன் உப்புப் போடேல்லை?" என்றேன்.

"கையை உயர்த்திப்போட்டுக் கேளுங்கோ."

தேத்தண்ணி

ரீச்சராக வருகிறவர்கள் பிரெஞ்சு எழுத்துச் சோதனை ஒன்று பாஸ் பண்ண வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அதில் வழுக்கி விழுகிறார்கள். மெற்றில்டா முதல் தடவை விழுந்தா. முடிவைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடி, யன்னலோரம் போய் இருந்தா. அழவில்லை.

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. மறைத்துப் பயனில்லை, அண்ணைமார். உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். இனிப் புத்தகங்கள் பெட்டிக்குள் போகும், மேசை மேசையாகும், அவ பழையபடி என் பக்கம் திரும்புவா என்று நினைத்தேன். அந்தச் சந்தோசப் புழுகத்தில் எழும்பிப் போய் இஞ்சி தட்டிப் போட்டு நல்ல தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினேன். அவ கோப்பையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"நான் பெயில் விட்டாத்தானோ உங்களுக்குத் தேத்தண்ணி போடத் தெரியும்?"

இரண்டாம் தடவை பாஸ். அன்றைக்கு நான் ஒன்றும் போடவில்லை.

ஒன்பது வருசத்துக்குப் பிறகு

பிரான்சிஸ் என்று ஒருவர் எங்கள் கோயில் பங்கில் இருக்கிறார். ஒன்பது வருசத்துக்கு முன் திருநாளுக்கு மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தை, தூக்கும்போது என்னை விலத்தச் சொல்லிவிட்டுத் தன்னுடைய மைத்துனனை விட்டவர். அன்றோடு கதை இல்லை. அவர் வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன்.

மூன்றாம் வருச ஸ்தாஜ் நடக்கும்போது, ஒரு ஞாயிறு பூசை முடிய, மனுசன் படியிறங்கி நேரே என்னிடம் வந்தார். கையைக் கூப்பினார். கடைசியில் வந்துவிட்டான் என்று நினைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய பேத்தி மெற்றில்டா நிற்கிற வகுப்பில் படிக்கிறாளாம்.

"அண்ணை, உங்களோட எனக்கு ஒரு கதையும் இல்லை. ரீச்சர் எங்க நிக்கிறா?"

பல்

கடைசி ஸ்தாஜ் ஆற்றுக்கு அப்பால் லவாலில், இரண்டாம் வகுப்பு. இருபத்துநாலு பிள்ளைகள். அந்த இருபத்துநாலு பேரும் எங்கள் வீட்டுக்குள் குடிவந்தார்கள். யாருக்குக் கடலை ஒத்துவராது, யாருடைய தகப்பன் வேறு வீட்டில் இருக்கிறார், யார் குளிர்க் காற்சட்டையைத் தானாகப் போடப் பழகிவிட்டான், எல்லாம் இரவுச் சாப்பாட்டோடு எனக்குப் பரிமாறப்பட்டது. இனேஸ் என்று ஒரு பெட்டைக்கு முன்பல் விழுந்தது. அதைப் பற்றி மூன்று நாள். இனேஸ் பல்லைக் கடிதாசியில் சுற்றினாள், தொலைத்தாள், வகுப்பே தேடியது, சப்பாத்துக்குள் கிடந்தது.

அந்தக் கிழமைதான் எனக்கும் கடைவாய்ப் பல் பிடுங்கினது. நான் சொல்லவில்லை, கேட்கட்டும் என்று இருந்தேன். மூன்று நாள் கஞ்சி குடித்தேன். நாலாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கும் பல்லே? பாத்தீங்களே, இனேஸ் அழவே இல்லை."

தட்டு

இனிச் சொல்லப் போவதை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் கிச்சனில் ஒரு விமானக் கம்பனியின் பழைய சாப்பாட்டுத் தட்டுகளைக் கழித்து எறியப் போகிறார்கள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று குழி வைத்த தட்டு. மெற்றில்டா கரண்டியைக் கீழே வைத்தா. "ஒண்டுக்கு ஒரு குழி, பத்துக்கு ஒரு குழி, நூறுக்கு ஒரு குழி!" என்றா. பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆள் வரப்போகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பாடத்தில்தான் அறிக்கை, அறிக்கையில்தான் பட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டுக் கொடுத்து, கௌபிப் பயறும் குச்சியும் பொத்தானும் வைத்து எண்களைப் பிரிக்கப் பழக்கலாமாம். "மனேச்சரிட்டை இருபத்துநாலு கேட்டுப் பாருங்கோவன்."

இருபத்தெட்டு வருசம் அந்தத் தட்டுகளோடு மாரடித்தேன். இன்றைக்கு என்ன கட்டினீர்கள், கை நோகுதோ என்று அவ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கண் விரிந்து கேட்கிறா, அதுவும் எனக்காக இல்லை, இனேசுக்காக. நான் மனேச்சரிடம் போகவே இல்லை. மூன்று நாள் கழித்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அவர் ஏலாது எண்டிட்டார்" என்றேன். ஏசுவா என்று பார்த்தேன்.

"பரவாயில்லை. எனக்காகப் போய்க் கேட்டீங்கள்தானே, அது காணும்."

மிஷேல்

மனேச்சர் மிஷேல் நல்ல மனிதர். அடுத்த கிழமை தட்டுக் கழுவுகிற மெசினடிக்கு ஒரு கடதாசியோடு வந்தார். மெற்றில்டா கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறா. அவர் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து, மெசின் சத்தத்துக்கு மேலால் எனக்கு வாசித்துக் காட்டினார். என் கணவருக்கு நீங்கள் மறுத்ததற்குத் தக்க காரணம் இருக்கும், அவரில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம், ஆனால் எறியப் போகிற தட்டுகள் என்பதால் பிள்ளைகளுக்காக இன்னொரு முறை யோசிப்பீர்களா என்று இருந்தது. தன்னுடைய மகனுக்குக்கூட இப்படிப் பிரெஞ்சு எழுத வராது என்றார் மிஷேல். நான் நனைந்த கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முப்பது தட்டை இரண்டு பெட்டியில் தானே அடுக்கி, என் கையில் தந்தார்.

"நான் மறுத்த நாள் எது என்று சொல்லு, சவிரி. எனக்கு ஞாபகமே வரவில்லை."

அந்த நாள்

டோர்வலில் இருந்து வீடு வரும்வரைக்கும் காருக்குள் என் பொய்க்கு மூன்று சாட்டுத் தயாரித்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவ பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டு, "ஆறு கூடக் கிடக்கு" என்று மட்டும் சொன்னா. அவ நன்றி எழுதியிருப்பா, மிஷேல் பதில் போட்டிருப்பார், அதில் எல்லாம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கிழமை காத்திருந்தேன். ஒரு சொல் இல்லை.

மேற்பார்வை நாளன்று பனி கொட்டியது. பெட்டிகளோடு அவவை லவாலுக்கு ஏற்றிப்போனேன். அங்கே வாசலில் பூட்ஸைக் கழற்ற வேண்டும். ஓட்டைச் சொக்ஸோடு இரண்டாம் மாடி ஏறினேன். வகுப்பின் பின்னால் பல்கலைக்கழகத்து அம்மா கோப்போடு இருந்தா. முன்பல் இல்லாத ஒரு பெட்டை என் பெருவிரலைப் பார்த்துவிட்டு, "மடாம் மத்தில்ட், இவர் யார்?" என்று கேட்டாள். என் பொய்யை இப்போது சொல்லுவா என்று நினைத்தேன். "என்னுடைய கணவர். இந்தத் தட்டுகளை உங்களுக்குக் கொண்டுவந்தவர்" என்றா. இருபத்துநாலு பிள்ளைகளும் எனக்கு மெர்சி சொன்னார்கள். பல்கலைக்கழகத்து அம்மாவும் எழும்பிக் கை தந்தா. அந்தக் கையைப் பிடித்தபோது பட்ட மாதிரி ஒரு வெட்கத்தை நான் என் சீவியத்தில் பட்டதில்லை. வெளியே வந்து கதவுக் கண்ணாடியால் பத்து நிமிசம் பார்த்தேன். ஒரு பெடியன் நூறின் குழிக்குள் கௌபியைக் கொட்டிவிட்டு முழித்தான். அவ அவன் பக்கத்தில் குந்தி இருந்து, அவன் யோசித்து முடியும்வரைக்கும் வாய் திறக்கவில்லை. அம்மா கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தா.

பின்னேரம் ஏற்றப் போனேன். அறிக்கை நல்லதாம், பட்டம் நிச்சயமாம், இலையுதிர் காலத்தில் அந்தப் பள்ளியிலேயே ஒரு வகுப்பும் இருக்குமாம். சந்தோசம் என்றேன். பாலம் தாண்டும் வரைக்கும் பொறுத்தேன். பிறகு ஏலாமல், நானாகவே கேட்டேன்: "நான் கேக்காமலே பொய் சொன்னது தெரியும்தானே. ஏன் என்னை ஏசேல்லை?" அவ கண்ணாடித் துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"ஏசினா, பேந்து பத்து வருசத்துக்கு 'நீர் என்னை ஏசினனீர்' எண்டு சொல்லிக்கொண்டு திரிவியள். உங்களுக்கு நான் ஏன் ஒரு சாட்டுத் தருவான்?"

ஒரு சொல் ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். ஏசாமல் விட்டதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.