நாங்களே காத்த உலை

எங்கள் நைனாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை காக்கிற வேலை. திருவொற்றியூரில் அந்தப் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பழைய ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளி புதிதாக ஒன்றை நீட்டினார்: இனி யாரும் நிரந்தரமில்லை, தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும், வேண்டியவர்களை மேஸ்திரி பொறுக்கிக்கொள்வார். நைனாவோடு எல்லோருமே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.

எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டிருந்த நேரம். கேட்டுக்கு எதிரே பூவரசு நிழலில் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவதே என் உத்தியோகம்.

"பாத்துக்கினே இருங்க, முதலாளி தானா ஓடி வருவாரு!" என்பேன்.

"வந்தா உனக்கு ஒரு பன்னு வாங்கித் தரேன் மாமு. நீ படி," என்பார் பாட்டில் ஊதுகிற பாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் அங்கே இரண்டு பேச்சில்லை. உலை அணையக் கூடாது. ஒருமுறை ஆறினால் உள்ளே கண்ணாடிக் குழம்பு இறுகிச் சுவர் வெடித்துவிடும். மறுபடி கட்ட மாதக்கணக்காகும். ஆயுத பூஜையன்றுகூட அதற்குப் பொட்டு வைத்த கையோடு கரி போடுவார்கள். ஆகவே வேலைநிறுத்தத்திலும் நைனாவும் இன்னும் இருவரும் முறைபோட்டு உள்ளே போய், கூலியில்லாமல் நெருப்பைக் காத்தார்கள். காவல்காரன் சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

"அணைய வுட்டாத்தானே நைனா அவங்களுக்கு வலிக்கும்?" என்று கேட்டேன்.

"இன்னா பேச்சு பேசற? நாளைக்கு நாமதானே அதுல வேல செய்யணும்? ஒல போச்சுன்னா எந்த மூஞ்ச வெச்சிக்கினு உள்ள போவறது?"

பாயும் தலையாட்டினார். எனக்கும் அது பெரிய நியாயமாகத்தான் பட்டது.

முதலாளி பேச வரவேயில்லை. அவருக்கென்ன அவசரம்? மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் கூழ் நாளுக்கு நாள் நீர்த்தது. ஒரு காலை ராயபுரம் பக்கமிருந்து லாரிகளில் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். போலீஸ் நிற்க, கதவு திறந்தது. அன்று நைனாவை உள்ளே விடவில்லை. உலை தளதளவென்று தயாராக இருந்தது. மதியத்துக்குள் பாட்டில்கள் உரசும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. செய்தித்தாளை நான் பிரிக்கவேயில்லை.

சாயங்காலம் புகைபோக்கியில் கட்டியாய்க் கறுப்புப் புகை. நைனா ஓடிப்போய் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"டேய், கரியக் கொட்டாதீங்கடா! காத்து வழியத் தொறங்க!"

"எரிஞ்சா எரியட்டும் வுடு, அண்ணாத்தே. உனுக்கின்னா?" பாய் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

நைனா இன்னும் உரக்கக் கத்தினார். உள்ளே யார் காதிலோ விழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்தது.

மறுநாள் காலை நைனா கேட்டில், மற்றவர்களோடு தினக்கூலி வரிசையில் நின்றார். மேஸ்திரி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒலைக்கு ஆளு கீது," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைத் தொட்டார்.