ஐந்தாவது றீல் பார்க்க மெல்பேர்னுக்கு

2012 ஆடி மாதம் பென்டில் ஹில்லிலிருந்து மெல்பேர்னுக்குப் போய்வந்தேன். காரணம் ஒரு பிரெஞ்சு நடிகர். எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. நான் சொல்ல மருமகள் தட்டுகிறாள். அந்த நடிகருடைய பழைய படங்களை அங்கே ஒரு கிழமை போடுகிறார்கள் என்று கொம்பியூட்டரில் முகத்தைக் காட்டியதும் அவள்தான். பார்த்தவுடனேயே ஆளை மட்டுக்கட்டிவிட்டேன்.

அறுபதுகளில் ஊரில் இரண்டு தியேட்டருக்கும் ஒரே படப்பெட்டி. நாலு றீல் ஓடி முடிந்ததும் அந்த நாலையும் சைக்கிளில் கட்டி, மற்றத் தியேட்டருக்கு மூன்று மைல் மிதிப்பேன். திரும்பி வர ஐந்தாவது முடிந்திருக்கும். முகமூடிக் கள்ளன், விசர் டொக்டரின் கையாள், பேய்க்கோட்டை வண்டிக்காரன் என்று அந்தப் பிரெஞ்சு ஆள் எதில் வந்தாலும், பிறகு வருகிற றீல்களில் ஆளைக் காணக் கிடைக்காது. படம் ஓட்டுகிற சின்னராசாவைக் கேட்பேன். கப்பலேறிவிட்டான் என்பான், இன்னொன்றுக்குக் கலியாணம் கட்டிப் போய்விட்டான் என்பான். அந்த மனுசனுக்கு என்ன நடந்தது என்று என் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

சென்ரல் ஸ்டேஷனில் காலை 7.42க்கு ரயில், பதினொரு மணித்தியாலம். புட்டுப் பொதி கட்டிக்கொண்டு போங்கள். சின்னராசா இப்போது மெல்பேர்னுக்குப் பக்கத்தில், வெரிபீயில் மகனோடு. சர்க்கரை வருத்தம் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. இருந்தும் தானும் வாறன் என்று நின்றான். செவ்வாய் இரண்டு மணிக் காட்சி. வெரிபீயிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம், டிக்கெட் ஆளுக்குப் பதினொரு டொலர்.

கள்ளன் படம். அவன் காதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் ஆள் கப்பலை நோக்கி ஓடுகிறார். பொலிஸ் சுட்டது. ஏணியடியிலேயே விழுந்தார்.  அப்படியென்றால் மற்றப் படங்களிலும் இதுதானே நடந்திருக்கும்.

"என்ன மச்சான் சத்தம்?"

"கப்பல் வெளிக்கிடுது. வெடி கொளுத்தி அனுப்பிறாங்கள்."

சின்னராசா குலுங்கிச் சிரித்தான். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தான்.

"அண்டைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, அடுத்த நாள் நீ சைக்கிளைத் தொட்டிருப்பியோ?"

போகிறவர்கள் தடித்த கோட் கொண்டுபோங்கள், தியேட்டருக்குள்ளும் குளிர். கதை சொல்கிற ஆளென்றால் கடைசி வரிசையில் இருங்கள். முன்னுக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தா. வெள்ளிக்கிழமை வண்டிக்காரன் படம். அதற்கும் நின்று, இரண்டு பேருமாகப் போனோம். அதில் ஆள் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சின்னராசாவுக்குச் சொன்னேன்.